வரிசை நடுவில் நின்ற ஊசி

"வரிசை நடுவுல நிறுத்தியிருக்கா, டீச்சர். அறிவுள்ள எவளாவது வரிசை நடுவுல ஊசியை விட்டுட்டுப் போவாளா?"

புனிதவதி பையை மேஜை மேல் வைக்கவில்லை. போட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜெபக்கனி. நாசரேத்துக்காரி. வயது முப்பத்திரண்டு இருந்தால் அதிகம். வந்தவளுக்கு ஐம்பத்து நான்கு.

கோத்தகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து நூலிழை மாநாடு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள். கீழே தறி, ராட்டை, சாயப் பானை, ஓயாத பேச்சு. பேச்சுக் கேட்டுத் தலைவலி வந்தவர்களுக்காகச் சில சிறப்பு நிகழ்ச்சிகளும் வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் நூற்கும் போட்டி. வேண்டாத நூலைக் கொடுத்து வேண்டியதை அள்ளும் சந்தை. சனிக்கிழமை சாயங்காலம், அவரவர் பின்னியதை அவரவர் உடுத்திக்கொண்டு மேடையில் நடக்கும் அணிநடை.

மாடியில் ஜெபக்கனியின் குறைவேலை மேஜை. பாதியில் நின்றுபோன எதையும் அங்கே கொண்டுபோகலாம். ஒரே விதிதான். டீச்சர் உங்கள் வேலையைத் தொடமாட்டாள்.

"தொடாம என்னத்தைக் கிழிப்பாங்களாம்?" என்று வரிசையில் நிற்கும்போதே புனிதவதி கேட்டிருந்தாள்.

அவளுக்கு முன்னால் நின்றவள் ஒரு சாம்பல் நிற சால்வையோடு வந்திருந்தாள். ஒன்பது வருஷமாக முக்கால் சால்வை.

"யாருக்கு?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"எங்க வீட்டுக்காரருக்கு டீச்சர்."

"அவரைப் பிடிக்குமா?"

சால்வைக்காரி திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து போய்விட்டாள்.

நல்ல கூத்து, என்று நினைத்துக்கொண்டுதான் புனிதவதி உட்கார்ந்தாள்.

"எடுத்துக் காட்டுங்கம்மா."

எடுத்தாள். வெந்தய நிறக் கம்பளி. ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம், அக்குள்வரை வந்து நின்றிருந்தது. ஓர் ஊசியில் அறுபத்து மூன்று கண்ணி. இன்னோர் ஊசியில் நாற்பத்தொன்று. இரண்டுக்கும் நடுவிலிருந்து நூல் தொங்கியது.

"வரிசையை முடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்னு எங்க கான்வென்ட் சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்வாங்க. நான் இவளுக்கு நூறு தரம் சொல்லியிருக்கேன். அதுகூடப் போகட்டும். கண்ணியைப் பாருங்க. எல்லாம் முதுகைக் காட்டிட்டு நிக்குது!"

ஊசியில் நிற்கும் கண்ணிக்கு முன்கால், பின்கால் என்று இரண்டு உண்டு. முன்கால் வழியாக ஊசி நுழைந்தால் கண்ணி விரிந்து கொடுக்கும். பின்கால் வழியாக நுழைந்தால் முறுக்கிக்கொள்ளும். இங்கே நூற்று நான்கு கண்ணியிலும் முன்கால் பின்னால் இருந்தது.

"முறுக்கிக்குதா?"

"நாலு கண்ணி போட்டாப் போதும். முறுக்கிக்கும். உடனே பிரிச்சு அவ வெச்ச மாதிரியே வெச்சிடுவேன். பதினோரு மாசமா இதே வேலை."

"ஒவ்வொண்ணாத் திருப்பிப் போட்டுக்கலாமே?"

"போட்டேன் ஒரு தரம். என் வழிக்குத் திருப்பி. நல்லாத்தான் வந்தது. ஆனா கோடு விழுது டீச்சர். அவளுது எங்க முடியுது, என்னுது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணை மூடித் தடவினாலே தெரியுது. அந்தக் கோடு தெரியக் கூடாது. அதுக்குத்தான் திருச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"எவகிட்ட?"

"பின்னினவகிட்ட."

"என் மக. தாரிணி." புனிதவதி கம்பளியைச் சமமாக நீவினாள். "போன ஐப்பசியில போயிட்டா. பெங்களூர்ல வேலை. காய்ச்சல்னு படுத்தா, நாலே நாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வந்து வாசல்ல நிக்குது, இவ இதைப் பின்னிட்டு உட்கார்ந்திருந்தாளாம். கூட இருந்த பொண்ணு சொன்னா."

இதைச் சொல்லும்போதும் அவள் குரலில் கோபம்தான் இருந்தது. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குக் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

ஜெபக்கனி கடலைத் தோலை ஊதினாள்.

"அவ பின்னல் பையில இந்தச் சீட்டு இருந்தது."

புனிதவதி நீட்டவில்லை. தானே படித்தாள், மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல.

"அம்மா. மார்பு நாப்பத்திரெண்டு. கை பத்தொம்பது. கழுத்து ஏறியிருக்கணும், இல்லேன்னா திட்டும். இதுக்கு மேலயும் குளிருதுன்னு சொல்லட்டும், பார்க்கிறேன்."

மடித்து உள்ளே வைத்தாள்.

"வா வான்னு மூணு வருஷமாக் கூப்பிட்டா. அந்த ஊர்க் குளிர் எனக்கு ஆகாதுன்னுட்டேன்."

ஜெபக்கனி பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி நீட்டினாள். இடது கையால்.

புனிதவதிக்கு உடம்பு கூசியது. சொல்ல வாயெடுத்தாள். சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அது வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள்.

"உங்க மக எந்தக் கையால சாப்பிடுவா?"

"இது என்ன கேள்வி? சோத்துக்கையாலதான். நான் வளர்த்த பிள்ளை."

"சரிம்மா. நாளைக்கு வாங்க."

"அவ்வளவுதானா?"

"நாளைக்கு வாங்க."

*

சாயங்காலம் கண்கட்டு நூற்பு. எட்டுப் பேர் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ராட்டை முன்னால் உட்கார்ந்தார்கள். கூட்டம் கை தட்டியது. யாரோ ஒருத்தி ஜெயித்தாள்.

புனிதவதிக்கு ஜெயித்தவளின் முகம் நினைவில் இல்லை. எட்டுப் பேரின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேருக்குப் பஞ்சு ஒரு கையில். ஒருத்திக்கு மட்டும் மறு கையில்.

நூல் என்னவோ எட்டிலும் வந்தது.

*

மறுநாள் நாலு மணிக்கே மாடியேறிவிட்டாள். எல்லாரும் அணிநடைக்குத் தலைவாரப் போயிருந்தார்கள். மேஜைக்கு முன்னால் வரிசை இல்லை.

"நேத்து ஏன் அப்படிக் கேட்டீங்க?"

ஜெபக்கனி எழுந்து போய், சால்வைக் கடைக்காரர்கள் வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுத்து வந்தாள்.

"ஊசியைப் பிடிங்க. நேத்து காட்டின மாதிரியே."

பிடித்தாள். ஜெபக்கனி எதிரே கண்ணாடியை நிறுத்தினாள்.

கண்ணாடிக்குள் நூல் வலது ஊசியிலிருந்து இறங்கியது. முன்கால் முன்னால் இருந்தது. நூற்று நான்கும் அப்படித்தான். ஒன்றில்கூடப் பிசகு இல்லை. தளர்வுதான், ஆனால் ஒரே தளர்வு. வரிசைக்கு வரிசை ஒரே கை. சிஸ்டர் பார்த்திருந்தால் வகுப்புக்கே தூக்கிக் காட்டியிருப்பார்கள்.

கண்ணிகளுக்கு மேலே, அதே கண்ணாடியில், அவள் முகமும் இருந்தது. அவசரமாகக் குனிந்துகொண்டாள்.

"முதுகு காட்டல அவ. நீங்கதான் எதிர்ப்பக்கத்திலிருந்து வர்றீங்க."

புனிதவதி கட்டை விரலால் கண்ணிகளை ஓரத்திலிருந்து நீவிக்கொண்டே போனாள்.

"கை மாறிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில்.

"எப்படி மாத்துனீங்க?"

"எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே. நாளைக்கு ஒரு பந்தியில உட்கார்ந்து பீச்சாங்கையால சாப்பிட்டா யாரைப் பேசுவாங்க? என்னைத்தானே? நல்லதுக்குத்தான் டீச்சர்."

"எப்படிம்மா?"

"ரிப்பன். பள்ளிக்கூடத்து நீல ரிப்பன். இடது கையை நாற்காலிக் கையோட சேர்த்துக் கட்டிட்டு, எழுதுன்னு சிலேட்டைக் கொடுத்திடுவேன். வலிக்காத மாதிரிதான் கட்டுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். பால் குடிச்சிட்டு."

"எத்தனை நாள்?"

கீழே மேளத்தைத் தட்டிச் சரிபார்த்தார்கள்.

"ரெண்டு வருஷம்."

"அழுவாளா?"

"அழமாட்டா. அடம் பிடிச்சாலாவது ரெண்டு அடி வெச்சிட்டு விட்டிருப்பேன். அதுவும் செய்யமாட்டா. சுவத்துக் கடிகாரத்தையே பார்த்திட்டு உட்கார்ந்திருப்பா."

புனிதவதி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பதினோரு வயசுல பின்னல் சொல்லிக் கொடுத்தேன். கட்டையால போட்ட மாதிரி போடுவா. 'அம்மா, சரியா இருக்கா'ன்னு கொண்டு வருவா. 'பிரி'ம்பேன். பிரிச்சிட்டு வருவா. மறுபடி 'பிரி'ம்பேன். ஒருநாள் ஊசி ரெண்டையும் என் மடியில வெச்சிட்டு, 'எனக்கு இது வராதும்மா'ன்னா. அத்தோட விட்டா. விட்டான்னுதான் நினைச்சிட்டிருந்தேன், அந்தப் பை வர்ற வரைக்கும்."

ஜெபக்கனி கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கோடு தெரியாம எப்படிப் பின்றதுன்னு கேட்டீங்க."

"ஆமா."

"உங்க கழுத்துல தொங்குற நாடாவைக் கொடுங்க."

மாநாட்டில் எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை கோத்த ஒரு நாடா தொங்கியது. புனிதவதி கழற்றிக் கொடுத்தாள். ஜெபக்கனி அட்டையை உருவி வைத்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி வந்தாள்.

"வலது கையை நாற்காலிக் கை மேல வைங்க. நாப்பத்தொரு கண்ணி இருக்கிற ஊசியை அந்தக் கையில பிடிச்சுக்கோங்க. மத்தது இடது கையில."

வேலையைத் தொடவில்லை. மணிக்கட்டைத்தான் தொட்டாள். இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"வலிக்காத மாதிரிதான் கட்டியிருக்கேன்" என்றாள்.

புனிதவதி தலை நிமிராமல் ஆட்டினாள்.

நாற்பது வருஷமாக ஸ்வெட்டர் பின்னிய கை, கட்டுக்குள் சும்மா ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றது, குளிப்பாட்டவும் பாத்திரம் தாங்கவும் மட்டுமே தெரிந்த கை, ஊசி முனையைக் கண்ணியிடம் கொண்டுபோனது. தவறியது. மறுபடி கொண்டுபோனது. நூல் விரலிலிருந்து நழுவியது. கட்டை விரல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. நெற்றியில் வேர்த்தது. வலது கை உதவிக்கு எழுந்தது; நாடா இழுத்துப் பிடித்தது.

"எனக்கு இது வராது டீச்சர்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

ஜெபக்கனி ஒரு கடலையை உடைத்தாள். மென்றாள்.

புனிதவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஊசியைக் கொண்டுபோனாள். இந்தத் தடவை முனை உள்ளே நுழைந்தது. முன்கால் வழியாக.

கண்ணி விரிந்து கொடுத்தது. முறுக்கவில்லை. இத்தனை மாதமாக இந்தக் கைக்காகத்தான் காத்திருந்தது போல.

ஒன்று.

அசிங்கமாக இருந்தது. தொளதொளவென்று. பதினோரு வயதுப் பிள்ளை போட்டது மாதிரி இருந்தது. "பிரி" என்று சொல்ல ஆள் இல்லை.

இரண்டு. மூன்று.

கீழே அணிநடை ஆரம்பித்தது. ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்தன. இன்னார் நெய்த சேலை, இன்னார் பின்னிய சால்வை. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். சாம்பல் நிற சால்வை எதுவும் அதில் வரவில்லை.

பன்னிரண்டில் ஒன்று நழுவிக் கீழே இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். இருபதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க ஒரு கை இல்லை, மற்ற கைக்கு வேலை இருந்தது. அது பாட்டுக்கு வழிந்து கம்பளியில் சொட்டியது. ஜெபக்கனி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பத்தொன்றாவது கண்ணி இடது ஊசிக்கு வந்து சேர்ந்தது. வலது ஊசி காலியானது. தாரிணி விட்டுவிட்டுப் போன வரிசை முடிந்தது.

புனிதவதி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?"

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஜெபக்கனி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மணிக்கட்டு சிவந்திருந்ததைக் கண்டு முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினாள்.

புனிதவதி கையை இழுத்துக்கொண்டாள். கட்டோடு எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு.

கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"இருங்க டீச்சர். இன்னும் ஒரு மணி நேரம் ஆகலை."