நடுத்திட்டில் ஒரு குடை

கவர் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் எவ்வளவு காரியம் நடக்கிறது பாருங்கள். தலையணைக்குப் போட்டால் கவர். மொய்ப் பணம் வைத்தால் கவர். செல்போனுக்கு மாட்டினாலும் கவர், கடைக்காரர் வெங்காயம் போட்டுக் கொடுப்பதும் கவர்தான். இத்தனை கவர் கையில் இருந்தும் வேண்டிய நேரத்தில் ஒன்றும் உதவாமல் போன கதை இது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள். ஆற்றங்கரையில் மூன்று பேர் பரிசலுக்குக் காத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு பெரிய கறுப்புக் காளான் நடந்து வந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. பரிசலைத் தலைமேல் சுமந்து வந்த பச்சியப்பன் அதை இறக்கித் தண்ணீரில் போட்டார்.

"நேத்துதான் தார் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. நனையாம அக்கரை சேத்துடறேன், ஏறுங்க."

முதலில் ஏறியவள் மாதம்மாள். மடியில் களிமண் பிள்ளையார், சுடாத பச்சை மண். அக்கரைத் தெருவுக்காக அவள் செய்த முதல் பெரிய பிள்ளையார் அது. விடிந்தால் பூஜை.

அடுத்தவன் பம்பை அடிக்கிற சென்றாயன். சாயங்காலம் அக்கரைக் கோயிலில் அவன் அடித்தால்தான் சாமி புறப்படும். தோல் நனைந்தால் பம்பை ஊமை.

மூன்றாவது ஆள் முனிரத்தினம். பெண் பார்க்கப் போகிறார். வெள்ளைச் சட்டை, கையில் நீளமான கறுப்புக் குடை. தலைமுடி அதைவிடக் கறுப்பு.

பாதி ஆறு தாண்டியதும் காற்று பரிசலைச் சுழற்றியது. பச்சியப்பன் அதை ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டுக்கு ஒதுக்கி, எல்லோரையும் இறக்கினார். மரமில்லை, செடியில்லை. மலைப்பக்கம் மழை வெள்ளைத் திரையாக ஆற்றின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. முதல் தூறல் விழுந்துவிட்டது.

"மாமா, கவர் ஏதாச்சும் இருக்கா?" என்றான் சென்றாயன்.

முனிரத்தினத்திடம் செல்போனுக்கு ஒன்று, பெண் கையில் வைக்கும் பணத்துக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு வாங்கிய ஆப்பிளுக்கு ஒன்று என மூன்று கவர் இருந்தது. பம்பை எதில் நுழையும்? பிள்ளையாரின் தும்பிக்கைகூட நுழையாது.

"அப்ப அந்தக் குடையைக் குடுங்க."

"குடை என்னுது. ஒரு கம்பி வேற ஒடஞ்சிருக்கு. இது ஒருத்தருக்கே பத்தாது."

"நீங்க நனைஞ்சா தொடச்சுக்கலாம் மாமா. என் தோலு நனைஞ்சா கோயில்ல நான் வாயாலயா அடிக்கறது?"

"தொடச்சா சாயமும் வந்துடும்டா!" என்று முனிரத்தினம் உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் காதோரம் ஒரு கறுப்புக் கோடு அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது.

மாதம்மாள் முந்தானையால் பிள்ளையாரை மூடிக் குனிந்துகொண்டாள். "உங்க தலைக்கு இன்னொரு நாள் சாயம் போடலாம். பம்பையை வெயில்ல காயவெக்கலாம். இவரு கரைஞ்சா மறுபடி சேறுதான். நாளைக்கு அந்தத் தெருவுல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்?"

மூவரும் பச்சியப்பனைப் பார்த்தார்கள். நனையாமல் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தவர் அவர்தானே. அவரோ இடுப்பளவு தண்ணீரில் பரிசலைப் பிடித்தபடி நின்றார். "எனக்கு நனையறது பழக்கமுங்க. அது ஒரு கஷ்டம்னே தோணல. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

குடைக்காரருக்குக் குடை சொந்தம். சென்றாயனுக்காகச் சாமி காத்திருக்கிறது. மாதம்மாள் கையில் இருப்பதோ சாமியேதான். மழை வந்தேவிட்டது. சொல்லுங்கள், குடையை யாரிடம் கொடுப்பது சரி? பச்சியப்பன் தன் வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

விடை: குடையை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. அடியிலிருந்து வரும் தண்ணீரை உள்ளே விடாத பரிசல், மேலிருந்து வருவதை மட்டும் விட்டுவிடுமா? மாதம்மாளுக்குத்தான் அந்தக் காளான் நினைவு வந்தது. "அண்ணா, கரைக்கு வரும்போது தலையில போட்டுக்கிட்டு வந்தீங்களே, அதையே கவுத்துங்க!" நான்கு பேருமாகப் பரிசலை மணலுக்கு இழுத்துக் கவிழ்த்தார்கள். ஒரு பக்கம் துடுப்பை முட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் முட்டு தேவைப்பட்டபோது முனிரத்தினமே குடையை மடக்கி நீட்டினார். பிள்ளையார், பம்பை, நான்கு ஆட்கள் எல்லாம் உள்ளே அடங்கினார்கள். மேலே மழை தாளம் போட, சென்றாயன் பம்பையில் கூடவே அடித்தான். மழை விட்டு அக்கரையில் இறங்கும்போது மாதம்மாள் முந்தானை நுனியை நனைத்து முனிரத்தினத்தின் காதோரக் கோட்டைத் துடைத்துவிட்டாள். "போங்கண்ணா. மிச்சத்தைப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."