பூதம் குடிச்ச ஆத்தாத டீ

படு. முதல்ல காலை ஆட்டாம படு தாரணி. அம்மா பக்கத்து ரூம்லதான் இருக்கா, எங்கயும் ஓடிப்போகல. தம்பி பொறந்திருக்கான், அவ அவனைத்தான் பார்க்கணும். கொஞ்ச நாளைக்கு அத்தைகிட்ட படுத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்ட. என்ன, கதை வேணுமா? அப்ப ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு டீக்கடை. மலை மேல, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல, தகரம் போட்ட கடை. கடைக்காரி பேரு மயிலாத்தா. அவளுக்குச் சொந்தம்னு இருந்தது ஒரு செவலைப் பசு. அந்தப் பசு அப்பத்தான் கன்னு போட்டிருந்துது. நெத்தியில வெள்ளையா ஒரு புள்ளி, அதனால கன்னுக்குட்டி பேரு பொட்டு. நிக்கத் தெம்பில்லாம தள்ளாடும்.

ம் சொல்லு. ஆங்.

அந்த மலையில ஒரு பூதமும் இருந்துது. கெட்ட பூதம் இல்ல, இருப்புக் கொள்ளாத பூதம். உன்னை மாதிரியேதான். ஒரு இடத்துல உட்காராது. இந்த மலைக்கும் அந்த மலைக்கும் தொம் தொம் தொம்னு நடந்துகிட்டே கிடக்கும். அது நடந்தா தகரம் கடகடங்கும், கிளாஸெல்லாம் கிலுகிலுங்கும், கோழியெல்லாம் பக் பக்னு ஓடும்.

போர்வையை உதைக்காத. குளிரும்.

அப்புறம் ஒரு நாள் காலையில அந்தப் பூதம் கடை வாசல்ல வந்து நின்னு, "டீ!"ன்னு கத்துச்சு பாரு, மயிலாத்தாவுக்கு எங்கிருந்துதான் வந்துதோ கோவம்.

"யாரைப் பார்த்து டீங்கிற? என்கிட்ட டீ போட்டுப் பேசாத!"

பூதம் திருதிருன்னு முழிச்சுது. "டீ போடத்தானே சொன்னேன்? பேசச் சொல்லலையே."

சிரிக்கிறியா? சிரி, படுத்துகிட்டே சிரி.

அப்புறம் அவ பால் டீ போட்டா. சர்ர்ர்னு மேலேருந்து கீழ ஆத்தி, நுரை தளும்பக் குடுத்தா. பூதம் நின்னுகிட்டே மடக்குன்னு குடிச்சுது. "இன்னொண்ணு"ன்னுது. அதையும் மடக்குன்னு. "இன்னொண்ணு, இன்னொண்ணு"ன்னு குடிச்சுக் குடிச்சு பால் சட்டியையே காலி பண்ணிட்டு, தொம் தொம்னு போயிடுச்சு. மறுநாளும் வந்துது. அதுக்கு மறுநாளும் வந்துது. பொட்டுக்குன்னு சொட்டுப் பால் மிஞ்சல. முதல்ல ம்மே ம்மேன்னு கத்திகிட்டிருந்த கன்னு, அப்புறம் கத்தறதையும் விட்டுடுச்சு. படுத்தது படுத்தபடி கிடந்துது.

மயிலாத்தாவுக்கு வயிறு எரிஞ்சுது. "ஏ பூதம், இனிமே உனக்குப் பால் கிடையாது. அது கன்னுக்குட்டியோட பால்."

தொம்னு குதிச்சுது பூதம். "பால் இல்லாத டீயெல்லாம் ஒரு டீயா?"

"பால் இல்லாமலே நல்லா போட்டுக் குடுத்தா?"

"மூணு தடவை குடுத்துப் பாரு. மூணுல ஒண்ணுகூட நல்லா இல்லேன்னா பசுவையே ஓட்டிகிட்டுப் போயிடுவேன்."

பசு போச்சுன்னா கன்னு செத்துடும். அது மயிலாத்தாவுக்கும் தெரியும். பாரு, உன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு. இரு, கேளு.

அப்போ அவ எப்பவும் போடுற தூளையே அள்ளிப் போட்டு, கொதகொதன்னு கொதிக்க விட்டு, பால் மட்டும் ஊத்தாம ஆத்திக் குடுத்தா. பால் இருக்கிற தைரியத்துல போடுற தூள் அது. பால் இல்லேன்னா அதோட லட்சணம் தெரிஞ்சுபோகுமே! கரேல்னு கசாயம். பூதம் ஒரு வாய் வச்சுது. "த்தூ!"ன்னு துப்புன துப்புல அடுப்பே அணைஞ்சுபோச்சு. "ஒண்ணு!"ன்னுது.

அப்புறம் அவ யோசிச்சா. தூள்தானே கசக்குது, இலையாவே போடுவோம்னு தோட்டத்துக்கு ஓடி, இளங்கொழுந்தா மடி நிறையக் கிள்ளிகிட்டு வந்தா. அடுப்பைத் திரும்பப் பத்த வச்சு, ஒரு பிடிக் கொழுந்தைப் பச்சையாவே சுடுதண்ணியில போட்டு, ஆத்திக் குடுத்தா. பூதம் மென்னு மென்னு பார்த்துது. "பசுவுக்கு வைக்க வேண்டிய புல்லை எனக்கு வச்சிருக்க. நான் என்ன மாடா? ரெண்டு!"ன்னுது.

ம் எங்க? ம்.

அப்போ அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாசல்ல பூதம் தொம் தொம்னு அலையுது. உள்ள இவ அடுப்புக்கும் மாட்டுக் கொட்டாய்க்குமா அலையுறா. மடியில மிச்சம் இருந்த கொழுந்து வாடிப்போச்சு. அதை எடுத்துக் கையில வச்சுக் கசக்குறா, உருட்டுறா, திரும்பக் கசக்குறா. என்ன பண்றோம்னு அவளுக்கே தெரியல. மனசு பதறுதில்ல, கைக்கு ஏதாவது வேணும்ல. நீ போர்வை நுனியைத் திருகுற மாதிரி. கசங்கிக் கசங்கி இலை சுருண்டு, பச்சை போய், செம்பு நிறமாச்சு. பொழுது சாயுறப்போ கை ஓய்ஞ்சு, அதை அடுப்போரத்துல போட்டுட்டு, கன்னுக்குட்டி பக்கத்துல போய் உட்கார்ந்து அழுதா. ஆமா, அழுதா. பெரியவங்களும் அழுவாங்க.

அப்போ கம்முனு ஒரு வாசம். கொய்யாப்பழம் பழுத்த மாதிரி. எங்கேருந்துடான்னு பார்த்தா, அடுப்போரத்துல மொறுமொறுன்னு காஞ்சு கிடக்குது அவ கசக்குன இலை!

இந்தத் தடவை கொதிக்க விட அவளுக்குப் பயம். கண்ணாடி கிளாஸ்ல இலையைப் போட்டு சுடுதண்ணிய மட்டும் ஊத்துனா. பழக்க தோஷம், ஆத்தறதுக்குக் கிளாஸைத் தூக்கிட்டா. உள்ள பார்த்தா, ஒரு சுருள் மெதுவா, மெதுவா பிரியுது. அப்படியே வாசல் பெஞ்சுல கொண்டு வச்சுட்டு, தானும் உட்கார்ந்துட்டா.

"ஆத்து! சீக்கிரம் ஆத்து!"ன்னு பூதம் குதிக்குது.

"ஆத்த மாட்டேன். பால் டீயைத்தான் ஆத்தணும். இது தானா ஆறும். உட்காரு."

"எனக்கு உட்காரத் தெரியாது."

"நான் உட்காரல? என் பக்கத்துல உட்காரு, வா."

பூதம் முட்டியை மடக்கி, முதுகை மடக்கி, க்ரீச்சுனு பெஞ்சு வளைய உட்கார்ந்துது. ரெண்டு பேரும் கிளாஸையே பார்த்தாங்க. இலை ஒண்ணொண்ணா விரியுது, தண்ணி பொன் நிறமா மாறுது. தகரம் கடகடங்கல. கோழி பக்குங்கல. அப்புறம் பூதம் எடுத்துக் குடிச்சுது. மடக்குன்னு இல்ல, கொஞ்சம் கொஞ்சமா.

"எப்படி இருக்கு? சொல்லித் தொலை!"ங்கிறா மயிலாத்தா.

"கசக்கல. தொண்டையில போய் இனிக்குது"ன்னுது பூதம். அப்புறம் குரலே மாறிப்போய், "நான் வந்தா எல்லாரும் கேட்டதைக் குடுத்துட்டு ஓடிடுவாங்க. யாரும் பக்கத்துல உட்காரச் சொன்னதில்ல"ன்னுது.

அவளுக்கு என்னமோ பண்ணுச்சு. எந்திரிச்சுப் போய், கன்னுக்குட்டியைத் தூக்கிப் பசு மடியில விட்டா. பொட்டு முட்டி முட்டி, சப்பு சப்புன்னு குடிச்சுது. பூதம் தள்ளி நின்னு பார்த்துகிட்டே ஒரு விரலை நீட்டுச்சு. பொட்டு அந்த விரலையும் சப்புச்சு.

தாரணி? ம் சத்தமே காணோம், தூங்கிட்டியா? இல்லையா, என்ன கேட்ட? அம்மா தம்பிக்குப் பால் குடுக்கிறப்போ நீயும் பக்கத்துல உட்காரலாமாவா?

அடி என் தங்கமே. இதுக்கா இவ்வளவு நேரம் புரண்ட? காலையில நானே கூட்டிட்டுப் போறேன். காலை ஆட்டாம உட்காருவியா?

ம்.

கதை ஆறிடுச்சு. நீ மனசு விட்டுக் கேட்டதுல என் மனசும் ஆறிடுச்சு. நீயும் ஆறு, தூங்கு.