ஒரு வருஷத்துப் பச்சைக் கோடு

"என் நெட்வொர்க்குல ஒரு குறையும் இல்ல, மேடம். குறை என் வீட்டுக்காரிகிட்டதான்."

குலசேகரன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஜெயசீலி நிமிரவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய மோடத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். பாளையங்கோட்டையில் அந்தக் காலனி முழுக்க யார் வீட்டில் இணையம் மக்கர் பண்ணினாலும் அந்த மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும். வருகிற பலரைவிட அவருக்கு ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். அதற்காக யாரும் வராமல் இருந்ததில்லை.

"வீட்டுக்காரியை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார்.

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த தாளை ஜாதகம் மாதிரி விரித்தார்.

ஒரு வருஷத்துக் கணக்கு. அவர் வீட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ரௌட்டரைப் பார்த்து 'இருக்கிறாயா?' என்று கேட்கும். ரௌட்டர் 'இருக்கிறேன்' என்று சொல்லும். சொல்லச் சொல்லப் பச்சைக் கோடு நீளும். ஒரு வருஷமாக அது ஓர் இடத்திலும் அறுபடவில்லை. கலரில் பிரிண்ட் எடுத்திருந்தார்.

அவர் மனைவி வடிவோ, நெட் நின்று நின்று போகிறது என்கிறாள். அமெரிக்காவில் இருக்கிற குழந்தைகளுக்குத் தினமும் காலை ஆறரைக்குப் போனில் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறாள். ஒன்பது குழந்தைகள் இருந்தன. இப்போது நான்கு. இந்த மாசத்தோடு வகுப்பை மூடிவிடப் போவதாக நேற்றுச் சொல்லிவிட்டாள்.

இந்தத் தாளை எப்படி விளக்கினால் அவளுக்குப் புரியும், அதைச் சொல்லிக் கொடுங்கள் என்றார் குலசேகரன்.

ஜெயசீலி தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

"கேள்வி கேக்குற கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"முன்னறையில."

"ரௌட்டர்?"

"அதுவும் அங்கதான். பக்கத்துல. ஒரு சாண் வயர்."

"சரி. அந்தக் கம்ப்யூட்டருக்கு மூணு நாள் லீவு குடுங்க. அது கேக்குற கேள்வியை நீங்க போய்க் கேளுங்க. உங்க வீட்டம்மா உக்கார்ற இடத்துல இருந்து."

குலசேகரனுக்கு இது பிடிக்கவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வடிவு உட்காருவது பின்பக்க பால்கனியில். அது அவருக்குத் தெரியும். தெரியும் என்றால், அவள் காலையில் அந்தப் பக்கம் போவாள் என்பது தெரியும். முன்னறையில் அவர் ஆசைக்கு வாங்கி இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிற பெரிய கம்ப்யூட்டர்கள், அவருடைய சர்வர்கள். ஹாலில் அந்த நேரம் அவருக்கு டிவியில் செய்தி. படுக்கையறைக்குள் சிக்னல் எட்டாது. பால்கனிக்கு மட்டும் ஜன்னல் வழியாக ஒரு கோடு, ஒன்றரைக் கோடு வரும்.

மறுநாள் காலை நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றார்.

"என்ன, இன்னைக்கு இங்க?" என்றாள் வடிவு.

ஆராய்ச்சி என்றார்.

"உக்காருங்க. போன்ல மூஞ்சி தெரியாம உக்காருங்க."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வடிவு போனை வாஷிங் மிஷின்மேல் சாய்த்து வைத்தாள். கொடியில் தொங்கிய ஈரத்துணி குலசேகரனின் பின்கழுத்தில் உரசியது. கீழே எவர் வீட்டு மோட்டாரோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் குரலை ஏற்றி அவள் பாடம் எடுத்தாள்.

நாலாவது நிமிஷம், 'ழ' எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிரித்த முகம். இமைகூட ஆடவில்லை.

குலசேகரன் பயந்துபோனார். "வடிவு?"

போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டம் போனதும் அவள் உயிர் வந்த மாதிரி அட்டையைக் கீழே வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

நாற்பது நிமிஷத்தில் இப்படிப் பதினொரு தடவை. அவர் நோட்டில் பதினொரு கோடு போட்டார்.

வகுப்பு முடிந்ததும் ஏன் அப்படி நிற்கிறாய் என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் படம் எந்த இடத்துல நிக்கும்னு நமக்குத் தெரியாதுல்லா. வாயைக் கோணிக்கிட்டு நின்னா பிள்ளைக சிரிக்கும். அதான் வட்டம் சுத்துனதும் அட்டையைக் காட்டிட்டு அசையாம இருந்துக்கிடுவேன். எழுத்தையாவது பாக்கட்டும்."

சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள். குறை சொல்கிற குரல் இல்லை. சமையலில் ஒரு பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மூன்று நாள் ஆகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கே ஜெயசீலியின் மேஜைமுன் நின்றார். தாளைக் கொண்டுவரவில்லை.

இன்னொரு ரௌட்டர் வாங்கலாமா, அடுப்படிச் சுவரைத் துளைத்து வயர் இழுக்கலாமா, எந்த மாடல் நல்லது என்று மூச்சுவிடாமல் கேட்டார். ஆம்பளைகளுக்கு ஒரு மனக்கஷ்டம் வந்தால் கடைக்குப் போகத் தோன்றும்.

ஜெயசீலி ஒரு வயரின் முனையைக் கவனமாகச் சீவிக்கொண்டிருந்தார். முன்னறையில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மேஜை, நாற்காலி, ஃபேன், சாத்திக்கொள்ளக் கதவு, வெளிச்சத்துக்கு ஜன்னல். அப்புறம் இரண்டு சர்வர், யூபிஎஸ், வயர்ப் பெட்டி.

"ரௌட்டர் அங்கயே இருக்கட்டும். சர்வரையும் மத்த பெட்டியையும் பால்கனிக்கு மாத்திருங்க. அவங்க முன்னறைக்கு வரட்டும். துளையும் வேண்டாம், கடையும் வேண்டாம்."

குலசேகரன் திகைத்துப் போனார்.

"பால்கனியிலயா? என்ன மேடம் சொல்றீங்க? வெயில் நேரா அடிக்கும். தலைக்கு மேல ஈரத்துணி சொட்டும். காத்து கிடையாது, ஒரே இரைச்சல். அங்க வெச்சா ஒரு மாசம் தாங்காது."

ஜெயசீலி கத்தியை மேஜையில் வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் குலசேகரன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

குலசேகரன் வாயைத் திறந்தார்.

"வெயில்..." என்றார். காலையில் ஈரத்துணி உரசிய பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.