முழுக்குருடு அரைக்குருடான கதை

கலெக்டர் துரைக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கர்வம் அதைவிட ஜாஸ்தி. மைக்கூட்டைத் தட்டிவிட்ட டவாலிச் சேவகன் கொளஞ்சியை, ஆபீஸ் கச்சேரியே கேட்க, "பர்பிளைண்ட்!" என்று திட்டினார்.

"அப்படின்னா என்னங்க எசமான்?"

"இங்கிலீஷ் வார்த்தை. எங்கள் முன்னோர் காலத்தில் முழுக்குருடு என்று அர்த்தம். இப்போது மங்கல் பார்வை. அந்த வார்த்தைக்குப் பாதிக் கண் எப்படி வந்தது? சொல், இல்லாவிட்டால் உன் வேலை போச்சு!"

"யாரோ ஒரு பெரிய துரைக்குக் கண்ணே தெரியாம இருந்திருக்கும். சேவகன் வாய்விட்டுச் சொல்வானா? 'லேசா மங்கல்தாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே அர்த்தம் தேஞ்சிருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கதவுல மாட்டியிருக்கிற கோட்டுக்குத் தினமும் எசமான் பதில் சலாம் போடுறீங்க. நாங்களும் 'லேசா மங்கல்'னுதான் சொல்லிக்கிறோம்."

கச்சேரியே குலுங்கியது. மறுநாள் துரை மூக்கில் கண்ணாடியோடு வந்தார். கோட்டைத் தாண்டிப் போய், கொளஞ்சிக்குச் சலாம் வைத்தார்.