கொக்கனூர் வானத்தில் இரண்டு விமானம்

கொக்கனூர் விமான நிலையத்துக்குத் தினமும் ஒரே ஒரு விமானம்தான் வரும். அதை இறக்கிவிடக் கோபுரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் தணிகாசலம், அவருக்குக் கீழே அரங்கசாமியும் மாசிலாமணியும். கடமை தவறாதவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள். அதுதான் தொல்லை.

அங்கிருந்த ரேடார் திரைக்கு வயதாகிவிட்டது. தலையில் தட்டினால்தான் படம் காட்டும். ஆகவே ஓர் இன்ஜினீயர் வந்து, அதன் பக்கத்திலேயே புதிய திரையைப் பொருத்தினார்.

“கொஞ்ச நாள் ரெண்டும் சேர்ந்தே ஓடட்டும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, கண்ணை எடுக்காம பாருங்க. ரெண்டையும் நம்புங்க,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாள் பழைய திரை முன் அரங்கசாமி, புதிய திரை முன் மாசிலாமணி.

“சார், என் விமானம் வந்தாச்சு,” என்றார் அரங்கசாமி.

“என்னோடதும் வந்தாச்சு சார்,” என்றார் மாசிலாமணி.

தணிகாசலத்துக்கு முகம் வெளுத்தது. அன்றைய விமானத்தில்தான் அவர் மனைவி மங்களவல்லி தாய்வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

“உன்னுது எவ்வளவு உயரம்?”

“ஐயாயிரம் அடி சார்.”

“என்னோடதும் அதேதான். இடமும் அதே இடம்,” என்றார் மாசிலாமணி.

“ஐயோ, முட்டிக்கப் போகுது! ஏதாவது ஒண்ணை மேலே ஏறச் சொல்லு!”

அரங்கசாமி மைக்கில் சொன்னார். விமானி கேப்டன் பெனிட்டா ஏறினார்.

“சார், என்னோடதும் ஏறுது! நான் சொல்லவே இல்ல!”

“இடது பக்கம் திருப்பு!”

“இதுவும் திரும்புது சார்.”

“ஏன்யா, என் விமானத்தைத் துரத்துற?” என்று அரங்கசாமி சீறினார்.

“நானா? உன் ஓட்டை விமானம்தான் முன்னால முன்னால வருது.”

தணிகாசலம் மைக்கைப் பிடுங்கினார். “கேப்டன், பக்கத்துல இன்னொரு விமானம் தெரியுதா?”

“இல்ல சார், வானம் காலியா இருக்கு. எரிபொருள் தீரப்போகுது. இறங்கட்டுமா?”

தணிகாசலம் மைக்கைப் பொத்திக்கொண்டார். “பாவம், அந்தப் பொண்ணுக்குப் பார்வை சரியில்லை போல.”

யார் முதலில் இறங்குவது என்று வாதம் நடந்தது. பழையதுக்குத்தான் முன்னுரிமை என்றார் அரங்கசாமி. புதுசா வந்ததைக் காக்கவைப்பது அழகில்லை என்றார் மாசிலாமணி. பெனிட்டாவோ, இனிமேல் ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாது என்று கத்தினார்.

தணிகாசலம் மேசையில் ஓங்கி அடித்தார். “ரெண்டும் ஒண்ணாவே இறங்கட்டும். பழைய விமானம் ஓடுபாதையில இடது பாதி, புது விமானம் வலது பாதி.”

இருவரும் மாறி மாறி மைக்கில் அதைச் சொன்னார்கள். இரண்டையும் கேட்ட பெனிட்டா, நட்டநடுவில் இறக்கினார்.

மூவரும் கீழே ஓடினார்கள். ஒரு விமானம்தான் நின்றது.

“என்னோடதைக் காணோமே!” என்று மாசிலாமணி அழத் தொடங்கினார்.

பெட்டியோடு இறங்கிய மங்களவல்லி, “என்னங்க, எதுக்கு இப்படித் தலை சுத்த வெச்சீங்க?” என்று வந்தார்.

“நீ அரங்கசாமி திரையில வந்தவ, மங்களம். மாசிலாமணி திரையில வந்த மங்களம் இன்னும் இறங்கல.”

மங்களவல்லி இடுப்பில் கை வைத்தார். “யாரவ? என்னை மாதிரியே இருப்பாளா?”

“அச்சு அசல். அவளும் உங்கம்மா வீட்டுலேருந்துதான் வர்றா.”

“அப்ப வரட்டும். எங்கம்மா எனக்குத் தெரியாம யாருக்குச் சோறு போட்டாங்கன்னு நானே கேட்கிறேன்!” என்று பெட்டியை ஓடுபாதையின் வலது பாதியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

தணிகாசலம் விமானியிடம் ஓடினார். “கேப்டன், சீக்கிரம் இறங்கச் சொல்லுங்க!”

“நான்தான் இறங்கிட்டேனே சார்!”

“நீங்க இல்லம்மா. இன்னொரு பெனிட்டா.”

பெனிட்டா தன் விமானத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அவரும் அண்ணாந்து பார்த்தார்.