தூம்புக்குள் நின்ற கடல்

"வருஷம் ஒண்ணாச்சும்மா. இந்த மனசு அடங்க மாட்டேங்குது" என்றார் சங்கிலிமுத்து.

குரு உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. ஒரு காலத்தில் தோணி ஓட்டிய தண்டல், சங்கிலிமுத்து. புயலில் ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அமைதி தேடி இந்தக் கழிமுகத்து மடத்துக்கு வந்தவர்.

"பூரணம் மறுபடியும் வந்திருக்கா" என்றார் குரு. "கைப்பிள்ளையோட."

பூரணம் சங்கிலிமுத்துவின் மருமகள். தகப்பன் போன பிறகு பிறந்த பிள்ளை அது. தாத்தாவிடம் காட்டவேண்டும் என்று அவளும் அலையாய் அலைகிறாள்.

"பார்க்க மாட்டேம்மா. பார்த்தா உள்ள எல்லாம் கலங்கிரும்."

"சாயங்காலப் படகுல அவ அம்மா ஊருக்குப் போறாளாம். இனிமே வர மாட்டாளாம்."

"போகட்டும்."

பாவம், சொல்லிவிட்டுத் தானும் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கல் தேடினார்.

குரு வற்புறுத்தவில்லை.

"சரி அண்ணாச்சி. இன்னைக்குக் கடல் அளக்கிற வேலை உங்களுக்கு."

மடத்துத் துறையில், தண்ணீருக்குள், குடைந்த பனைமரத் தூம்பு ஒன்று நட்டிருக்கும். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே கடல் உள்ளே ஏறும், இறங்கும். வெளியே அலை என்ன கூத்தடித்தாலும் தூம்புக்குள் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே மிதக்கும் தக்கையில் ஒரு கோல்.

பக்கத்துப் பாறையில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். கடல் எத்தனை வற்றினாலும் அதற்குக் கீழே போனதில்லை. அந்தக் கோட்டுக்கு மேல் எத்தனை சாண் தண்ணீர் என்று கோல் சொல்லும். மூன்று சாண் இருந்தால் கொடி ஏற்றுவார்கள், குறைந்தால் இறக்கிவிடுவார்கள். கொடியை நம்பித்தான் முகத்துவாரத்து மணல்திட்டைப் படகுகள் தாண்டும்.

மத்தியானம் சங்கிலிமுத்து பார்த்தார். நாலு சாண். கொடியை ஏற்றினார்.

ஆனால் கோல் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்ன நடுக்கமும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. துணியைத் தாரில் தோய்த்தார். மூச்சைப் பிடித்து மூழ்கி, ஓட்டையை அடைத்துவிட்டு வந்தார்.

கோல் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அதன் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

வெயில் சாய்ந்தபோது குரு வந்தார்.

"கடல் எவ்வளவு, அண்ணாச்சி?"

"நாலு சாண். பாருங்கம்மா, ஒரு அசைவு கிடையாது!"

குரு சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பாறையடியில் இறங்கினார். தண்ணீர் கணுக்காலைத்தான் நனைத்தது. அவர் காலடியில் அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

தூம்புக்குள் மட்டும் மத்தியானத்துக் கடல் நின்றுகொண்டிருந்தது.

சங்கிலிமுத்து தலை குனிந்தார்.

"திறந்தா நடுக்கமும் உள்ள வந்துருமே, அம்மா."

"கொஞ்சம் வரும்" என்றார் குரு. பிறகு முகத்துவாரத்தைக் காட்டினார்.

வெளியூர்ப் படகு ஒன்று திட்டில் தட்டிச் சாய்ந்து நின்றது. அதில் ஒரு பெண், பிள்ளையை மார்போடு அணைத்தபடி.

தண்டல் துறையில் குதித்தார். அடைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினார். படகுக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அது அவர் காதில் விழவே இல்லை.

"கொடி பறந்துச்சே மாமா" என்றாள் பூரணம். "கடல் நிறைஞ்சிருக்குன்னு நம்பித்தானே ஏறினோம்."

"பொய் தாயி. நான் சொன்ன பொய்."

கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அவர் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிள்ளையை இப்படிக் கொடு."