மாடக்கண்ணு இல்லாத நேரத்து மாடக்கண்ணு

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் வடிவு. என் மூத்தவனுக்குப் பால் மறக்கடித்துவிட்டு, நான் மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கிய ஆடி மாதம் அது. அவள் கை தன்பாட்டுக்குக் குச்சி அடுக்க, வாய் கதை சொல்லிற்று. சாமியை நினைத்துக்கொண்டு அதை உங்களுக்குச் சொல்கிறேன். பயந்த பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடல் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்த காலத்தில், மரநிழல் என்பதே இல்லாத ஓர் உப்பளத்தின் ஓரத்தில், மாடக்கண்ணு என்று ஒருவன் இருந்தான். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஓர் ஓலைக்குடிசை, ஒரு கஞ்சிப்பானை, உப்பு வார ஒரு பலகை. நல்லவன்தான். ஆனால் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். நாக்கு வறண்டாலும் பக்கத்துக் குடிசையில் ஒரு வாய் தண்ணீர் கேட்கமாட்டான். அதைப் பெரிய கௌரவமாக வைத்திருந்தான்.

ஒரு நாள் அவன் வாசலில் ஒரு நாய்க்குட்டி வந்து சுருண்டு கிடந்தது. செம்மண் நிறம். தாய் என்ன ஆனதோ, கடவுளுக்குத்தான் தெரியும். கையில் எடுத்தான். அது அவன் கட்டைவிரலைச் சப்பியது. அவ்வளவுதான், அவனுக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. செவலை என்று பேர் வைத்தான்.

ஆனால் வேலைக்குப் போகவேண்டுமே? உப்பளத்து வேலை விடியும்போது தொடங்கும், பொழுது சாய்ந்தால்தான் முடியும். பாத்தியில் உப்பு பூத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. வெயில் நெருப்பாகக் கொட்டுகிற இடத்துக்குக் குட்டியைத் தூக்கிப்போகவும் முடியாது.

பக்கத்துக் குடிசையில் பேச்சி இருந்தாள். உச்சிவேளையில் குடத்தோடு வந்து அளத்து ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏல மாடக்கண்ணு, நான்தான் மத்தியானம் இந்தப் பக்கமா வாரேனே. குட்டியைக் கொஞ்சம் பாத்துக்கிடட்டுமா?"

"வேண்டாம்க்கா. என் குட்டியை நான் பாத்துக்கிடுவேன்."

"எப்படி? பாத்தியில நின்னுக்கிட்டேவா? உனக்குக் கண்ணு மட்டும் குடிசைக்குப் போயிட்டு வருமோ?"

அவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வேலைக்குப் புறப்படுகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பது அந்த அளத்துக்காரர்களின் வழக்கம். கூப்பிட்டால் அன்றைக்கு உப்பு பூக்காது என்பார்கள். குட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? அவன் படியிறங்கினால் அழும். திரும்பி வந்து தடவுவான். மறுபடி இறங்கினால் மறுபடி அழும். கூட வேலை செய்கிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

அதனால் மாடக்கண்ணு ஒரு காரியம் செய்தான். குடிசைக்குள் ஒரு கம்பை நட்டான். குறுக்கே ஒரு கம்பைக் கட்டினான். வேர்வையும் உப்பும் ஏறி விறைத்துப்போன தன் பழைய வேட்டியைச் சுற்றினான். மேலே துண்டைப் போர்த்தினான். உச்சியில் தலைப்பாகையை வைத்தான். குட்டி மோந்து பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டு அதன் காலடியில் படுத்துக்கொண்டது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நான் வார வரைக்கும் நீதான் மாடக்கண்ணு. குட்டி உன் பொறுப்பு" என்று அந்தக் கம்பிடம் சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் பின்பக்கமாக நழுவினான்.

குடிசைக்குள் யாரோ எச்சில் விழுங்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தான். குட்டி அழவில்லை. வைத்த கஞ்சி அப்படியே இருந்தது, வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. எவ்வளவு சமத்து என்று சந்தோஷப்பட்டான்.

அடுத்த நாள் வந்தான். குட்டி எழுந்து வரவில்லை. தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. குட்டி அந்த வேட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. தூக்கினான். மூக்கு காய்ந்திருந்தது. மீசை மயிரில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டான்.

அதற்கும் அடுத்த நாள் வந்தான். குட்டி அவனைப் பார்த்து உறுமியது. அதன் காது இரண்டும் விறைத்து நின்றன. தொட்டால் உப்புப் பாளம் போல விரலில் நறநறத்தது. கம்பின் மேல் இருந்த துண்டு, அவன் போர்த்தியது போல இல்லை. வேர்வை துடைக்க அவன் வழக்கமாக இடது தோளில் செருகிக்கொள்வது போலவே செருகியிருந்தது.

வாசலில் பேச்சி நின்றாள்.

"ஏல, என்ன திமிரு உனக்கு? மத்தியானம் உள்ளேதான உட்காந்திருந்தே? குட்டியை மடியில போட்டுத் தடவிக்கிட்டிருந்தியே. வாய் ஓயக் கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தியா?"

"நான் பாத்தியில நின்னேன்க்கா."

"அப்ப உள்ளே இருந்தது யாரு, உங்க தாத்தனா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அப்படியும் மறுநாள் அவன் யாரிடமும் கேட்காமல் குட்டியை விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான். பாத்தி முழுக்க உப்பு பூத்தது. அந்த வருஷத்திலேயே அப்படிப் பூத்ததில்லை. சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. நிழல்கள் எல்லாம் காலுக்கடியில் ஒளிந்துகொண்டன. மாடக்கண்ணு பலகையைக் கீழே போட்டான். பூத்த உப்பை அப்படியே விட்டுவிட்டுக் குடிசைக்கு ஓடினான்.

உள்ளே அது உட்கார்ந்திருந்தது.

கம்பு மடங்கி உட்காருமா? உட்கார்ந்திருந்தது. மடியில் செவலை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. தலைப்பாகைக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில்பட்ட உப்புக் குவியல் போல ஒரு வெண்மை. பார்த்தால் கண் கூசியது.

"யார் அது?" என்று கேட்டது. மாடக்கண்ணுவின் குரல்.

"நான்... மாடக்கண்ணு."

"நான்தான் மாடக்கண்ணு. நீதானே சொன்னே? குட்டி என் பொறுப்புன்னு சொன்னே. நான் ஒரு நொடி விட்டு நகரல. நீ எங்கே போயிருந்தே?"

அவன் குட்டியை எடுக்க ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

"கூப்பிட்டுப் பாரு. உங்கிட்ட வந்தா உனக்கு. வரலைன்னா, நீ போய் அளத்துல நில்லு. கம்பா நில்லு. காலத்துக்கும் நில்லு."

மாடக்கண்ணு பேர் சொல்லிக் கூப்பிட்டான். குட்டி அசையவில்லை. சுட்ட மீனைக் காட்டிக் கூப்பிட்டான். குட்டி அசையவில்லை. மூன்றாவதாக, மண்டியிட்டு, என்னைப் பெத்த தாயே என்று அழுது கூப்பிட்டான். குட்டியின் வால் நுனிவரைக்கும் வெண்மை ஏறிற்று.

அவனுடைய கால்களும் விறைக்கத் தொடங்கின. கணுக்கால் மரத்தது. முழங்கால் மரத்தது.

அப்போது வெளியே பேச்சி நடந்துபோகும் சத்தம் கேட்டது. குடத்துத் தண்ணீர் தளும்பிற்று. இரண்டு எட்டு வைத்தால் அவள் தாண்டிப் போய்விடுவாள். மாடக்கண்ணுவின் வாய் திறந்தது, மூடிற்று. கேட்டுப் பழகாத வாய் அல்லவா? செவலையின் கண்மேல் உப்பு படர்வதைப் பார்த்தான்.

"யக்கா!" என்று கத்தினான். "உள்ளே வா! என்னால ஆகல. நான் இல்லாத நேரத்துல என் குட்டியை நீ பாத்துக்கிடுக்கா. உன் கால்ல விழுதேன்."

பேச்சி உள்ளே வந்தாள். அங்கே இருந்ததைப் பார்த்தாள். அவள் உடம்பு நடுங்கியதை அவன் கண்ணால் கண்டான். நடுங்கிக்கொண்டே, அந்த மடிக்குள் கையை விட்டுக் குட்டியை எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி அதன் வாயில் வைத்தாள்.

"குடி தங்கம். உன்னைப் பாத்துக்கிட நான் இருக்கேன்."

நாக்கு ஒரு தரம் அசைந்தது. இன்னொரு தரம் அசைந்தது. பிறகு சளக் சளக் என்று குடிக்கிற சத்தம் குடிசை முழுக்கக் கேட்டது.

"அப்ப நான் யாரு?" என்று அது கேட்டது. மாடக்கண்ணுவின் குரலில் இல்லை. எந்தக் குரலிலும் இல்லை. துண்டு நழுவியது, வேட்டி சரிந்தது, தலைப்பாகை உருண்டது. இரண்டு கம்புகளும் ஒரு கை உப்பும் தரையில் கிடந்தன.

பேச்சிக்கு மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் முதல் வேலையாக அவனைத் திட்டினாள்.

"இந்த ஒரு வார்த்தையைக் கேக்கவால இத்தனை கூத்து? கேட்டா வாய் வெந்தா போயிரும்?"

மாடக்கண்ணு எழுந்தான், மரத்த கால்களில் உயிர் வந்திருந்தது. அவள் இடுப்பிலிருந்த குட்டியின் தலையில் கையை வைத்தான். ஈரமாக இருந்தது. அது அவன் விரலைக் கடித்தது. வலித்தது. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்மை நம்பியிருக்கும் உயிரை ஏமாற்றிவிட்டுப் போவதைவிட, இன்னொருவரிடம் வாய்விட்டு உதவி கேட்டுவிட்டுப் போவதே அன்பு.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் தெருவில் பகலெல்லாம் பூட்டின வீட்டுக்குள் ஒரு குட்டி அழுகிற சத்தம் கேட்டால், சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் வந்ததும் போய், "நான் பாத்துக்கிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.